நகரும் கூடைப்பந்துக் கம்பம்: நிறுத்தமும் நிலைபேறும் – ஓர் ஆய்வு

முன்னுரை

வீட்டு வாசலில் நிறுத்தும் கூடைப்பந்துக் கம்பத்தைப் பற்றித் தமிழில் முழுமையான ஆய்வு ஒன்று என் கண்ணில் படவில்லை. இப்படி ஓர் இடைவெளி இருப்பதைக் கண்டுபிடித்தவன் நான் என்பதால், அதை அடைக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. இடைவெளியைக் கண்டுபிடிப்பதே பாதி முனைவர் பட்டம் என்பார்கள். மீதிப் பாதி, நெறியாளரின் கட்டுரைகளைப் பொருத்தமில்லாத மூன்று இடங்களில் மேற்கோள் காட்டுவது.

ஆய்வுக் களம், மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடம். ஆய்வு எல்லை, காம்பவுண்டுச் சுவர். அணுகுமுறை: விளக்க முறை, ஒப்பீட்டு முறை, கடன் வாங்கிய ஸ்பேனர். கருதுகோள்: கம்பம் நிற்கும்.

முதன்மைச் சான்று, பெட்டியோடு வந்த கையேடு. துணைச் சான்றுகள் மூன்று. மேல் போர்ஷனில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் பால்கனியில் நின்றபடி அருளியவை ‘பால்கனி உரை’ எனப்படும். எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் நாளிதழோடு எங்கள் கேட்டில் சாய்ந்துகொண்டு சொன்னவை ‘கேட் உரை’. என் மனைவி சொன்னவை ‘அடுக்களை உரை’. அளவில் சிறியது, மறுக்க முடியாதது.

இயல் 1: தோற்றம்

1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்றில் கூடைப்பந்து பிறந்தது. பனிக்காலத்தில் வெளியே ஓட முடியாமல் அடைந்து கிடந்த மாணவர்களை என்ன செய்வதென்று தெரியாத ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், கட்டடப் பணியாளரிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக் கூடை இருக்கிறது என்றார் அவர். கூடத்தைச் சுற்றி மேலே ஓடிய பால்கனியின் கைப்பிடியில் கூடைகளை அடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க வளையம் 10 அடியில், அதாவது 3.05 மீட்டரில் நிற்பதற்குக் காரணம் அந்தக் கைப்பிடிதான். இது மட்டும் எழுத்தில் பதிவாகாமல் போயிருந்தால், பத்து என்னும் எண்ணின் தத்துவ மரபு பற்றி நான் நாற்பது பக்கம் எழுதியிருப்பேன். பலர் அதை மேற்கோளும் காட்டியிருப்பார்கள்.

முதல் ஆட்டத்தில் மொத்தமே ஒரு கூடைதான் விழுந்தது. கூடைக்கு அடி இருந்ததால், விழுந்த பந்தை ஒருவர் ஏணி போட்டு ஏறி எடுக்க வேண்டியிருந்தது. அடி திறந்த வலை வழக்கத்துக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. அடியைத் திறந்து பார்க்காமல் ஒரே கூடையை இருபது ஆண்டு சுற்றிவரும் வழக்கம் விளையாட்டில் ஒழிந்துவிட்டது. மற்ற துறைகளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

பலகையின் வரலாறு நம் ஆய்வுக்கு இன்னும் நெருக்கமானது. பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். வேண்டியவர் எறிந்தால் உள்ளே, வேண்டாதவர் எறிந்தால் வெளியே. அவர்களைத் தடுக்கவே கூடைக்குப் பின்னால் பலகை வந்தது. பால்கனியில் நின்றுகொண்டு அடுத்தவன் வேலையில் கை வைப்பது, ஆக, இந்த விளையாட்டைவிட ஒருசில ஆண்டுகளே இளைய மரபு.

அதே ஒய்.எம்.சி.ஏ.வின் பெயரில்தான் 1920இல் சென்னையில் ஹாரி க்ரோ பக் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. பேராசிரியர் இந்த வரலாறு எதையும் ஏற்கவில்லை. “பந்து நம்மகிட்ட இருந்துது. கூடையும் இருந்துது. அப்புறம் அவன் என்னத்தப்பா கண்டுபிடிச்சான்?” (பால்கனி உரை, காலை அமர்வு). ஏணியும் நம்மிடம் இருந்தது ஐயா, என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்.

இயல் 2: மூலபாட ஆய்வு

கையேடு ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மூன்று மொழிகளில் உள்ளது. கடவுள் வாழ்த்து இருக்க வேண்டிய இடத்தில் எச்சரிக்கைகள். பெரியவர்கள் இருவர் சேர்ந்தே பூட்ட வேண்டும். மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சமதரையில்தான் நிறுத்த வேண்டும். மோதிரம், சங்கிலி, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு விளையாட வேண்டும். அடித்தளம் காலியாக இருக்கும்போது கம்பத்தைத் தனியே விட்டுப் போகக் கூடாது. கடைசியாக ஒன்று: முகத்தையும் பற்களையும் வலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரி இடைச்செருகல் என்பது பேராசிரியர் முடிவு. வளையம் 10 அடியில், மனிதர் ஐந்தரை அடி, பல் வாய்க்குள். மூன்றும் சந்திக்க வழியில்லை. ஆகவே பல் மருத்துவர் எவரோ ஏடு பெயர்த்து எழுதியபோது நுழைத்தது என்றார். மொழிநடையும் வேறாகத் தெரிகிறதாம். ஆங்கிலப் பகுதியை அவர் படிக்கவில்லை, ஸ்பானியப் பகுதியின் ஓசையை வைத்துச் சொன்னார். உண்மை எளியது. இந்த வகைக் கம்பத்தில் வளையத்தை ஏழரை அடிவரை இறக்கலாம். இறக்கிய வளையத்தில் பதினைந்து வயதுப் பையன் ஓடிவந்து எம்பிப் பந்தைத் திணிக்கும்போது, அவன் வாய் வலைக்கு நேராக வரும். வலையின் கண்ணியில் பல் மாட்டினால் பையன் கீழே வருவான், பல் வராது. இதைச் சொன்னபோது பேராசிரியர், அப்படியானால் ஏழரை அடி என்பதே பிற்காலச் சேர்க்கை என்றார்.

மின்கம்பி எச்சரிக்கையை எவரும் இடைச்செருகல் என்று சொல்லவில்லை, எவரும் படிக்கவுமில்லை. வளையம் 10 அடியில் இருந்தால் பலகையின் மேல்விளிம்பு 12 அடியைத் தாண்டும். நம் வீடுகளில் தெருக் கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் சர்வீஸ் வயர், தொங்கத் தொங்க, வாசலுக்கு மேலேதான் போகிறது. கம்பத்தைத் தூக்கி நிறுத்தும் நேரத்தில் அண்ணாந்து பார்ப்பது எல்லா உரைகளையும்விடப் பயனுள்ளது.

இயல் 3: பூட்டுதல்

கம்பம் மூன்று துண்டு: அடி, நடு, தலை. குழாய்க்குள் குழாயாகச் செருகிப் பின் தரையில் ஒரு மரக்கட்டையை வைத்து, அதன்மேல் செங்குத்தாக ஓங்கி ஓங்கிக் குத்த வேண்டும். குத்தக் குத்த ஒன்றுக்குள் ஒன்று இறுகும், இறுகியபின் பிரியாது. ஆகவே துளைகள் நேராக இருக்கின்றனவா என்று முதல் குத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மரக்கட்டை இல்லாமல் டைல்ஸ் தரையில் குத்தினால் என்ன ஆகும் என்பது டைல்ஸ் ஆய்வாளர்களின் எல்லைக்குள் வருவது.

கையேடு அமெரிக்க மரபினது என்பதால் முக்கால் இஞ்சு ஸ்பேனர் கேட்கிறது. முக்கால் இஞ்சு என்பது 19.05 மில்லிமீட்டர், நம் 19-ஆம் நம்பர் ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும். அரை இஞ்சு 12.7, 13-ஆம் நம்பர் கொஞ்சம் ஆடும், அடங்கிவிடும். நட்டுகளின் வாயில் நைலான் வளையம் இருக்கும். அதுவரை கை சுற்றும், பிறகு ஸ்பேனர்தான். எல்லா போல்ட்டையும் முதலில் தளர்வாக மாட்டிவிட்டு, எல்லாம் நேரானபின் இறுக்க வேண்டும். முதல் போல்ட்டையே மூச்சைப் பிடித்து இறுக்குபவருக்கு ஐந்தாம் போல்ட்டின் துளை தென்படாது. இந்தப் பகுதியில் உரைகாரர்கள் இருவரும் மௌனம் காத்தார்கள். கையில் எண்ணெய் ஒட்டும் பகுதிகளுக்கு உரை கிடைப்பதில்லை.

பலகையைப் பூட்டும்போது கம்பம் படுத்திருக்க வேண்டும்; தலைப்பக்கம் ஸ்டூல்மேல். பிறகு இருவராகத் தூக்கி நிறுத்த வேண்டும்.

இயல் 4: மிஞ்சிய வாஷர்

ஒன்று மிஞ்சியது.

இயல் 5: பாரம்

கம்பம் எதனால் நிற்கிறது? குழி தோண்டிக் கான்கிரீட் போட்டு நட்ட கம்பத்தை மண் பிடித்துக்கொள்கிறது. நகரும் கம்பத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் கீழே சக்கரம் வைத்த வெற்றுப் பிளாஸ்டிக் தொட்டிதான். எங்களுடையது சுமார் 130 லிட்டர் கொள்ளும். அதைத் தண்ணீராலோ மணலாலோ நிரப்புக என்கிறது மூலநூல். மூலநூல் ‘அல்லது’ போடும் இடத்தில்தான் கட்சிகள் பிறக்கின்றன.

நீர்க் கட்சியின் தலைவர் பேராசிரியர். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ; 130 லிட்டருக்கு 130 கிலோ. ஹோஸைச் செருகினால் நிரம்பிவிடும். இடம் மாற்ற வேண்டுமானால் கொட்டிவிடலாம். “நீர் இன்றி எதுவும் நிலைக்காதப்பா” (பால்கனி உரை, மாலை அமர்வு, முதல் காபிக்கு முன்). மணற் கட்சியின் தலைவர் பொறியாளர். காய்ந்த மணல் லிட்டருக்குச் சுமார் 1.6 கிலோ, அதே தொட்டி 208 கிலோ ஆகும். தண்ணீர் கசியும், ஆவியாகும். மணல் இருந்த இடத்தில் இருக்கும். “நான் சர்வீஸ்ல இருந்தப்போ தண்ணிய நம்பி எதையும் நிறுத்தினதில்ல சார்” (கேட் உரை, நாளிதழை மடிப்பதற்கு முன்). அவர் எந்தத் துறையில் இருந்தார் என்பதை ஆய்வு அறம் கருதி வெளியிடவில்லை.

இரு கட்சிக்கும் மறுப்பு அடுக்களையிலிருந்து வந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு இந்தத் தெருவே குடத்தோடு நின்றதைக் கண்ணால் கண்டவர் என் மனைவி. “காசு குடுத்து வாங்குற தண்ணிய பந்து வெளையாட ஊத்தப் போறீங்களா?” (அடுக்களை உரை, முழுவதும்). நீர்க் கட்சி இதற்குப் பதில் சொல்லுமுன் இரண்டாம் அடி விழுந்தது: கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் விரும்பும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தொட்டியின் மூடி தொலைந்தால் மாநகராட்சிக்காரர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்றாகிவிடும். மூடியை இறுக்கி மூடினால் போயிற்று என்று சொன்னேன். தீர்வு எளிதாக இருந்ததால் விவாதத்தில் சேர்க்கப்படவில்லை.

மணற் கட்சி இதற்குள் தானே பிளந்துவிட்டது. ஆற்று மணலா, எம்-சாண்டா? எம்-சாண்ட் என்றால் கட்டு வேலைக்கானதா, பூச்சு வேலைக்குரிய பி-சாண்டா? சலித்ததா, சலிக்காததா? தொட்டியின் வாய் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுதான். ஈர மணல் அதில் கட்டிபிடித்து அடைத்துக்கொள்ளும். வெயிலில் உலர்த்திப் புனல் வைத்துக் கரண்டி கரண்டியாகக் கொட்ட வேண்டும். 208 கிலோவைக் கரண்டியால். “அதுக்கு ஆள் விடலாம்” (கேட் உரை, இரண்டாம் பதிப்பு, உரைகாரரின் மனைவியால் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து திருத்தப்பட்டது, திருத்தம்: “ஆளுக்குக் காசு நீங்களா குடுப்பீங்க?”).

மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. முதலில் மணலைக் கொட்டி, மணல் பருக்கைகளுக்கு இடையில் இருக்கும் இண்டு இடுக்கில் தண்ணீரை விடுவது. மணலின் பருமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடம்தான். அதில் ஐம்பது லிட்டர்வரை இறங்கும். மொத்தம் 250 கிலோவைத் தொடும். ஆய்வுலகம் இதை மணிப்பிரவாளக் கட்சி என்றழைக்கும். இரு தரப்பாரும் சேர்ந்து வெறுத்தது இது ஒன்றைத்தான்.

மணற் கட்சியின் வலுவான வாதத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மடிப்பாக்கத்தில் கனமழை என்றால் வாசலில் முழங்கால் தண்ணீர். 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஒரு சாண் உயரத் தொட்டி அதில் முழுவதும் மூழ்கும். மூழ்கிய தொட்டிக்குள் இருக்கும் தண்ணீர், வெளியே இருக்கும் தண்ணீரை நம்பி எடை முழுவதையும் இழந்துவிடும். 130 கிலோ சுழியாகும். பிளாஸ்டிக்கோ தண்ணீரைவிட லேசு. இரும்புக் கம்பத்தின் எடை ஒன்றுதான் மிச்சம், அதுவும் தலைகனத்தது. மணல் நிரப்பிய தொட்டிக்கோ 208 கிலோவில் 130 போக 78 கிலோ கையிருப்பில் இருக்கும். ஆர்க்கிமிடீசுக்கு 2,200 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த இந்தச் செய்தியைப் பொறியாளர் கேட்டில் தட்டித் தட்டிச் சொன்னார். பேராசிரியர் நெடுநேரம் யோசித்துவிட்டு, வெள்ளத்தில் யார் பந்து விளையாடப் போகிறார்கள் என்று கேட்டார் (பால்கனி உரை, மாலை அமர்வின் பிற்பகுதி, கொடியில் காய்ந்த வேட்டிக்கு மேலிருந்து அருளியது. இடையில் குக்கர் விசில் மூன்று. இரண்டாம் விசிலோடு கலந்த சொல் ‘மணல்’ என்றும் ‘மடையன்’ என்றும் இருவகையாகக் கேட்கப்பட்டது, முன்னதையே பொறியாளர் பாடமாகக் கொள்கிறார்).

இந்தக் கட்டத்தில் வாஸ்து வந்தது. ஊரிலிருந்து பெரியப்பா தொலைபேசினார். நீர் இருக்க வேண்டியது வடகிழக்கு, ஈசானிய மூலை. பாரம் இருக்க வேண்டியது தென்மேற்கு, கன்னி மூலை. நீரே பாரமாக இருந்தால் அதை எங்கே வைப்பது? “தம்பி, அது சாஸ்திரத்துலயே இல்லப்பா,” என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார். மணல் நிரப்பினால் கன்னி மூலையோடு பிரச்சினை தீரும். ஆனால் எங்கள் கன்னி மூலையில் கழிவுநீர்த் தொட்டி. அதன் மூடிமேல் 208 கிலோ.

நான் கணக்குப் போட்டேன். வளையம் தொட்டியின் முன்விளிம்பைத் தாண்டி 70 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும், தொட்டியின் எடைமையம் விளிம்புக்கு 40 செ.மீ. பின்னால் என்றும் வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள பையன் வளையத்தைப் பிடித்துச் சும்மா தொங்கினால் முன்னே இழுக்கும் பங்கு 60 பெருக்கல் 70, அதாவது 4,200. தண்ணீர் பிடித்து நிறுத்துவது 130 பெருக்கல் 40, அதாவது 5,200. நிற்கும். தொட்டி பாதிதான் நிரம்பியிருந்தால் 2,600. பலகை பையன்மேல் விழும். முழுத் தொட்டியே என்றாலும் பையன் சும்மா தொங்க மாட்டான், ஊஞ்சலாடுவான். அந்தக் குலுக்கலில் இழுப்பு ஒரு நொடிக்கு இருமடங்கானால் 8,400. மணல் தருவது 8,320. எண்பது குறைகிறது. இரு கட்சித் தலைவர்களிடமும் இந்தத் தாளைக் காட்டினேன். இருவரும் பெருக்கலைச் சரிபார்த்துவிட்டு, தத்தம் கட்சிக்கு இது சாதகம் என்று அறிவித்தார்கள்.

காற்றுக்கும் இதே கதைதான். காற்றின் வேகம் இருமடங்கானால் பலகையைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். பலகை உயரத்தில் இருப்பதால் அந்தத் தள்ளல் முழுவதும் சாய்ப்பதற்கே பயன்படும். புயல் எச்சரிக்கை வந்தால் வளையத்தைக் கீழே இறக்க வேண்டும், இல்லையேல் கம்பத்தையே படுக்க வைத்துவிட வேண்டும். கம்பத்தைப் படுக்க வைப்பது கௌரவக் குறைவு என்று இரு கட்சியும் ஒருமனதாகத் தீர்மானித்தன. இந்த ஆய்வில் அவர்கள் ஒத்துப்போன இடம் இது.

இன்னொன்றும் பேசப்படாமல் இருந்தது. மழைநீர் ஓட வேண்டும் என்று கொத்தனார் வாசலுக்கு வாட்டம் கொடுத்திருப்பார். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரையில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஒரு பக்கம் ஓடிவிடும். அந்தச் சரிவு கம்பத்தின் முன்பக்கமாக அமைந்தால், மேலே போட்ட கணக்கில் நமக்குச் சேர வேண்டியது கொஞ்சம் குறையும். நிறுத்தும் திசையைத் தீர்மானிக்க வேண்டியது குமிழி.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது தொட்டி காலியாகத்தான் இருந்தது. காலித் தொட்டியோடு கம்பத்தைத் தனியே விடக்கூடாது என்ற விதியை எல்லோரும் மதித்ததால், என் மகன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். ‘நீர்’ என்று பால்கனியிலிருந்து வரும்போது நிமிர்வான்; ‘மணல்’ என்று கேட்டிலிருந்து வரும்போது சாய்ந்துகொள்வான். விளக்கு வைக்கும் நேரத்தில் “அப்பா, இதக் கொஞ்சம் புடிங்க” என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். தோட்டத்து ஹோஸை இழுத்துவந்து தொட்டியில் செருகி, போர் தண்ணீரை விளிம்புவரை விட்டான். மூடியை இறுக்கினான். கசிகிறதா என்று குனிந்து பார்த்தான். மூடிக்கடியில் லேசாக ஈரம் தெரிந்ததும், மிஞ்சிக் கிடந்த வாஷரை எடுத்து அங்கே போட்டு மறுபடி திருகினான், நின்றுவிட்டது. இது முறையியல் அற்ற செயல். ஒரு மேற்கோள் இல்லை, கருதுகோள் இல்லை, எதிர்க்கட்சியின் கருத்து பதிவு செய்யப்படவில்லை. இதை ஆய்வு முடிவாக ஏற்க முடியாது என்று பேராசிரியர் சொன்னார். தாம் வென்றுவிட்டதையே அவர் கவனிக்கவில்லை.

இயல் 6: வளையத்தில் தொங்கலாமா?

கூடாது.

மேலாய்வுக்குரிய களங்கள்

‘மதியத் தூக்கமும் பந்து தட்டும் ஓசையும்: ஒரு தெருவை முன்வைத்து’, ‘பலகையின் பின்புறத்தில் துண்டு காயப்போடும் மரபு’ ஆகிய தலைப்புகளில் எதிர்கால ஆய்வாளர்கள் ஈடுபடலாம். பதிவுக் கட்டணமும், ஆய்வுக்கோவையில் அச்சேறக் கட்டணமும், சான்றிதழுக்குக் கட்டணமும் தனித்தனி.

வாய்மொழித் தேர்வு மறுநாள் காலை வாசலிலேயே நடந்தது. புறத்தேர்வாளர், பக்கத்து வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி. கம்பத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரே கேள்விதான் கேட்டாள். “அங்கிள், பால் எங்க?”

பெட்டியில் பந்து வருவதில்லை. அதைத் தனியே வாங்க வேண்டும்: ஆண்களுக்கு 7-ஆம் அளவு, சுற்றளவு 75 செ.மீ.; சிறுவர்களுக்கு 5-ஆம் அளவு, 70 செ.மீ. மாலையில் வாங்கி வந்தோம். உள்ளே காற்று இல்லாமல் சப்பையாக இருந்தது. ஊசி போட்டுப் பம்ப் அடிக்க வேண்டும். மகன் பம்ப்பைத் தேடி உள்ளே போனான். “சாதா காத்தா அடிக்கப் போறீங்க?” என்று கேட்டிலிருந்து பொறியாளர் கேட்டார். “பங்க்ல நைட்ரஜன் அடிச்சுத் தர்றான் சார். இறங்கவே இறங்காது.” மேலே பால்கனியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.